பழவேற்காட்டில் கேள்வித்தாளோடு வந்தவர்கள்

பழவேற்காட்டுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் எல்லோருமே எதையாவது எண்ணிக் கணக்கெழுதியிருக்கிறார்கள். 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள் துணிக்கட்டுகளை எண்ணினார்கள். கப்பலில் ஏற்றி அனுப்பிய அடிமைகளையும் அதே மாதிரி எண்ணினார்கள். சென்னை கிறித்துவக் கல்லூரி விலங்கியல் துறையின் பி.ஜே. சஞ்சீவராஜ் பல பத்தாண்டுகள் ஏரியின் நண்டு, சிப்பி, மீன் வகைகளைக் கணக்கெடுத்தார். சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் வந்து வீடுகளை எண்ணின. துறைமுகத் திட்டங்கள் வந்தபோது ஆலோசகர்கள் வந்து 'பாதிக்கப்படக்கூடிய குடும்பங்களை' எண்ணினார்கள். வார இறுதிகளில் நோட்டுப் புத்தகத்தோடு போகிற என்னையும் இந்த வரிசையின் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

கோட்டைக்குப்பத்தில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் நோட்டைப் பார்த்ததுமே கேட்டார்: "இன்னா தம்பி, நீயும் ஃபாரம் எடுத்தாந்துட்டியா?" ஃபாரம் இல்லீங்க, சும்மா தெரிஞ்சுக்கத்தான் என்றேன். "எல்லாரும் அதான் சொல்றாங்க. போன தடவ வந்தவங்களுக்கும் உக்காந்து அவ்ளோ சொன்னேன். அந்தப் பேப்பரெல்லாம் இப்ப எங்க கீது?"

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. மக்களிடம் கேட்டு எழுதிய ஆய்வு அந்த மக்களுக்கு எப்போதாவது பயன்பட்டிருக்கிறதா, பயன்பட்டது என்றால் எந்த மாதிரிச் சூழ்நிலையில் என்று கேட்டுக்கொண்டே வளர்ந்த ஒரு துறை உண்டு. அதைச் சமுதாய உளவியல் என்று எழுதுகிறேன். கல்லூரிப் பாடத்தில் வரும் 'சமூக உளவியல்' வேறு. கூட்டத்தில் தனிமனிதன் எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்ப்பது அது. சமுதாய உளவியல் ஒரு ஊரை, ஒரு தெருவை, ஒரு குப்பத்தை அலகாக எடுத்துக்கொள்கிறது. மனிதர்களின் துன்பத்துக்கு அவர்கள் மண்டைக்குள் மட்டும் காரணம் தேடாமல், அவர்கள் வாழும் ஏற்பாட்டில் தேடுகிறது. அதோடு அந்த ஏற்பாட்டை மாற்றவும் வேண்டும் என்று சொல்கிறது. இதுல ரெண்டாவது பாதிதான் கஷ்டமான பாதி.

அந்தப் பெயர் வருவதற்கு முன்பே இந்த வேலையை ஒரு கூட்டம் செய்திருக்கிறது. வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்று ஒரு ஆலைக் கிராமம். பொருளாதார மந்தத்தில் துணி ஆலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்து நின்றது. 1931-32-இல் மரி யாஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரின் குழு அங்கே போனது. வேலை இல்லாதவனுக்கு நேரம் நிறைய, அதனால் நிறையப் படிப்பான் என்றுதானே நினைப்போம்? நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து தெருவில் நடப்பவர்களின் வேகத்தை அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். வீட்டு வேலை குறையாத பெண்கள் அவ்வளவு நிற்கவில்லை. 1933-இல் புத்தகம் வந்தது.

எனக்கு இந்த ஆய்வில் பிடித்தது வேறொரு விஷயம். வெறும் பார்வையாளராக ஒருவரும் அந்த ஊருக்குள் இருக்கக் கூடாது என்று குழு ஒரு விதி வைத்துக்கொண்டது. ஊருக்கு உபயோகமான ஒரு வேலையை ஒவ்வொருவரும் செய்தாக வேண்டும். துணிமணி சேகரித்துக் கொடுத்தார்கள், மருத்துவ ஆலோசனை கொடுத்தார்கள், தையல் வகுப்பு நடத்தினார்கள். பேச்சு அதற்கு நடுவில் தானாக வந்தது. பழவேற்காட்டுப் பெரியவர் கேட்ட கேள்விக்கு முதல் பாதி பதில் இது: பேப்பர் எங்கே போனாலும் துணியாவது இங்கே இருக்கும்.

இரண்டாவது பாதிக்கு இன்னும் பல ஆண்டுகள் ஆயின. 1946-இல் கர்ட் லெவின் 'செயலாய்வு' என்ற சொல்லை முன்வைத்தார். ஒரு நிலைமையை மாற்றிப் பார்ப்பதே அதைப் புரிந்துகொள்ளும் வழி என்பது அவர் வாதம். 1965 மே மாதம் பாஸ்டனுக்கு அருகே ஸ்வாம்ப்ஸ்காட் என்ற ஊரில் அமெரிக்க உளவியலாளர்கள் கூடிப் பேசியபோது சமுதாய உளவியல் என்ற பெயர் நிலைத்தது. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் வெளியே கொதித்துக்கொண்டிருந்த காலம். நோயாளி மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திருப்பது போதாது என்று அவர்களுக்குப் பட்டது.

அதே காலத்தில் நம் வங்கக் கடற்கரையில், பழவேற்காட்டிலிருந்து வடக்கே போனால் வரும் காக்கிநாடாவில், இதற்கு நேர் எதிரான ஒரு சோதனை நடந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த டேவிட் மெக்லெலண்ட், ஏழை நாடுகள் முன்னேறாததற்கு 'சாதிக்க வேண்டும் என்ற உந்துதல்' குறைவாக இருப்பது ஒரு முக்கியக் காரணம் என்று நம்பினார். 1964-இல் தொடங்கி, காக்கிநாடாவின் சிறு வியாபாரிகளை ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்துக்கு அழைத்துப் போய்ச் சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வது, இலக்கு வைத்து விளையாடுவது, உன் கதையில் நாயகன் ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்பது. பயிற்சி பெற்றவர்கள் பிறகு கூடுதல் சுறுசுறுப்போடு தொழிலில் இறங்கினார்கள் என்று மெக்லெலண்டும் டேவிட் வின்டரும் 1969-இல் எழுதினார்கள். நம் ஊர் தொழில்முனைவோர் பயிற்சிகளில் இன்றும் நடக்கும் பல விளையாட்டுகளின் பூர்வீகம் அதுதான். நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியிலும் இதே மாதிரி வளையம் எறியும் விளையாட்டு வைத்தார்கள். எறிந்தோம், பிரியாணி சாப்பிட்டோம், வந்தோம்.

கடையும் கொஞ்சம் கடன் வசதியும் இருக்கிற வியாபாரிக்கு இது வேலை செய்திருக்கலாம். அதை மறுக்கவில்லை. ஆனால் ஏரி முகத்துவாரம் மணல் மூடி அடைபட்டால் கடல்மீனும் இறால் குஞ்சும் உள்ளே வராது, படகு வெளியே போகாது. அந்த மாதத்தில் மீனவருக்கு எவ்வளவு உந்துதல் கொடுத்தாலும் வலையில் என்ன விழும்? 1971-இல் வில்லியம் ரயன் இந்தச் சிந்தனை முறைக்கு ஒரு பெயர் வைத்தார்: அடிபட்டவன் மேலேயே பழியைப் போடுவது. மீனவர்களுக்குச் சேமிக்கத் தெரியாது, குடிப்பார்கள், பிள்ளைகளைப் படிக்க வைக்க மாட்டார்கள் என்று சென்னையில் காபி குடித்துக்கொண்டே பேசுகிறோமே, அது அந்த வகைதான்.

பழவேற்காட்டுக்குள் போவோம். இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது, சிலிக்காவுக்கு அடுத்தது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்முனை நம் திருவள்ளூர் மாவட்டத்தில். ஆரணி ஆறு தெற்கிலும் காளங்கி வடமேற்கிலும் வந்து சேர்கின்றன. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு கடலை மறித்துக் கிடக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் ஒரே நீலத் திட்டு. அந்த நீலத்துக்குள் எந்த இடத்தில் யார், எந்த நாளில், எந்த வலை போடலாம் என்று ஒரு முழுச் சட்டமே இருக்கிறது. எந்த அரசாங்கமும் எழுதாத சட்டம். அதன் பெயர் பாடு.

நீரோட்டம் நல்லபடியாக ஓடும் முகத்துவாரப் பக்கத்தில்தான் இறால் கிடைக்கும். எல்லோரும் அங்கேயே வலை நட்டால் அடிதடி. அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் மீனவர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். கழி நட்டுக் கட்டும் சுத்து வலைக்கு எந்த இடம் யாருக்கு என்பதைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள், பிறகு சுழற்சி. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம். வலிமையானவன் தினமும் நல்ல இடத்தைப் பிடிக்க முடியாது, ஏரியும் ஒரே நாளில் வழித்தெடுக்கப்படாது. செபாஸ்டியன் மேத்யூ இதை ஆராய்ந்து எழுதிய அறிக்கையை உலக உணவு வேளாண்மை நிறுவனம் 1991-இல் வெளியிட்டது. கேரளத்தின் வைப்பீன் தீவிலும் இலங்கையின் நெகொம்போ களப்பிலும் இதன் உறவுக்கார முறைகள் உண்டு.

கம்ப்யூட்டர் படித்த எனக்கு முதல் தடவை கேட்டபோது புல்லரித்தது. ஒரே வளத்துக்குப் பலர் போட்டியிடும்போது யாரும் பட்டினி கிடக்காமல் எப்படிப் பங்கிடுவது என்பது எங்கள் துறையில் ஒரு செமஸ்டர் பாடம். இவர்கள் அதைக் குலுக்கல் சீட்டில் முடித்துவிட்டார்கள்.

ஆனால் குலுக்கலில் பெயர் போட யாருக்கு உரிமை? அதுதான் தலைக்கட்டு. அந்தச் சாதியில், அந்த ஊரில் பிறந்த ஆண். பெண்ணுக்குத் தலைக்கட்டு கிடையாது. அதே ஏரிக்கரையில் வாழும் தலித் மக்களுக்குக் கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பறியில் போட்டுக்கொள்ளும் இருளர்களுக்கும் கிடையாது. 1970-களில் இறால் ஏற்றுமதிப் பொருளாக மாறி விலை ஏறியது. நைலான் வலையும் கூடவே வந்தது. அதுவரை ஏரியை அவ்வளவாகக் கண்டுகொள்ளாதவர்களும் உள்ளே வந்து, எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டார்கள். சண்டைகள் நடந்தன. நியாயமாகப் பங்கிடும் ஏற்பாடும் வேலி போட்டு வெளியே நிறுத்தும் ஏற்பாடும் ஒரே பாடுதான்.

2000-களில் இங்கே களப்பணி செய்த சாரா கூல்தார்ட் 2008-இல் எழுதிய கட்டுரை இந்த முடிச்சைப் பிடித்தது. மீன் குறைந்தால் தொழிலை மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்று திட்டம் போடுகிறவர்கள் சொல்வார்கள். பாடு உரிமை உள்ளவருக்கு அது வருமானம் மட்டும் இல்லை. ஊரில் அவர் யார் என்பதே அதுதான். கல்யாணப் பேச்சில், கோயில் திருவிழாவில், ஊர்க்கூட்டத்தில் அவர் நிற்கும் இடம் அதோடு கட்டப்பட்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு ஒரு கம்பெனியில் ஒப்பந்தக் காவலாளியாகப் போனால் சம்பளம் ஒருவேளை கூடலாம், ஆள் குறைந்துவிடுவார். தாக்குப்பிடிப்பதும் நன்றாக வாழ்வதும் ஒன்றுதானா என்ற கேள்வியை அவர் 2012-இல் இன்னொரு கட்டுரையில் மீன்பிடித் தொழிலை வைத்தே எழுப்பினார். மீனவர்களின் மனநிறைவைப் பல நாடுகளில் ஆராய்ந்த ரிச்சர்ட் பொல்நாக்கும் இதே திசையில்தான் வருகிறார். கடலில் இருக்கும் சாகசமும் தன்போக்கும் வேறு வேலையில் கிடைப்பதில்லை என்பதால், பணம் குறைந்தாலும் பலர் தொழிலை விடுவதில்லை.

ஆய்வு இத்தனை நுட்பமாக வந்துவிட்டது. சரி, பேப்பர் எங்கே போனது? ஆங்கில ஆய்விதழ்களுக்கு. கோட்டைக்குப்பத்தில் அதைப் படித்தவரை நான் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் கொலம்பியாவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கேள்வியைத் தீர்க்க அங்கே ஒருவர் உருப்படியாக முயன்றார். சமூகவியலாளர் ஒர்லாண்டோ ஃபால்ஸ் போர்தா 1970-களில் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறி, கரீபியன் கரையோர விவசாயிகளோடும் மீனவர்களோடும் வேலை செய்தார். நிலத்துக்காக அவர்களுடைய தாத்தாக்கள் நடத்திய போராட்டங்களை ஊர்க் கிழவர்களின் நினைவிலிருந்தும், டிரங்குப் பெட்டியில் கிடந்த பத்திரங்களிலிருந்தும் திரட்டினார். திரட்டியதை யார் படிப்பது? பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. அதனால் உலியானோவ் சாலார்கா என்ற ஓவியர் அதைப் படக்கதைகளாக வரைந்தார். அதில் ஒன்றான 'தினாஹோனெஸ்' ஒரு ஆற்று முகத்துவாரத்தில் வாழ்ந்த மக்களைப் பற்றியது. வரைந்த படங்களை ஊர்க்கூட்டத்தில் காட்டித் திருத்தங்கள் வாங்கினார்கள். அந்தக் காலத்துச் சதுப்பு நில மீனவர்கள் தங்களைப் பற்றிச் சொன்ன ஒரு சொல்லை அவர் எடுத்துக்கொண்டார். மனசாலும் புத்தியாலும் சேர்ந்து யோசிக்கிறவன் என்று அதற்குப் பொருள். இன்று அது லத்தீன் அமெரிக்கா முழுக்கப் புழங்கும் சொல். 1977-இல் கார்தஹேனாவில் அவர் கூட்டிய மாநாட்டிலிருந்துதான் 'மக்கள் பங்கேற்கும் செயலாய்வு' உலகம் சுற்றப் புறப்பட்டது.

அந்தக் காற்று சென்னைக்கும் வந்தது. 1979-இல் உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. படகு, வலை சோதனைகளோடு நிற்காமல், தமிழக மீன்வளத் துறையோடு சேர்ந்து மீனவர்களுக்கான முதியோர் கல்வியையும் எடுத்துக்கொண்டது. பாவ்லோ ஃபிரெய்ரே பாணி. அ, ஆ என்று தொடங்காமல், உன் மீனுக்கு விலை வைப்பது யார் என்று தொடங்குவது. எல்.எஸ். சரஸ்வதியும் பி. நட்ப்ராச்சாவும் எழுதிய பயிற்சியாளர் கையேடு 1985-இல் வந்தது. சொல்லிக்கொடுப்பவரும் கற்றுக்கொள்கிறார் என்பதுதான் அந்தக் கையேட்டின் அடிப்படை. இந்த மாதிரி நூல்களை நம் பழைய புத்தகக் கடைகளில் தேடி எடுத்துப் பாதுகாக்க யாராவது முன்வர வேண்டும், எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

பிறகு 2004 டிசம்பர் 26. தமிழகத்தில் சுமார் 8,000 பேரைச் சுனாமி கொண்டு போனது. நாகப்பட்டினம் அளவுக்கு இல்லாவிட்டாலும் பழவேற்காட்டுக் குப்பங்களும் அடிபட்டன. அடுத்த வாரங்களில் கரைக்கு வந்தவர்களில் மனநல ஆலோசகர்கள் ஏராளம். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் எடுத்த வழி வேறாக இருந்தது. ஊர்க்காரர்களில் இருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்து, உட்கார்ந்து கேட்பதற்கும் துணையாக இருப்பதற்கும் பயிற்சி கொடுத்தார்கள். பயங்கரமான சம்பவத்துக்குப் பிறகு தூக்கம் வராமல் இருப்பது பைத்தியம் இல்லை, இயல்பு என்று சொல்லவே அவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தார்கள்.

இந்த விஷயத்தில் நமக்கு முன்னோடி யாழ்ப்பாணம். போரின் நடுவே அங்கே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தனிமனிதனின் மனவடுவோடு மொத்தச் சமூகத்தின் வடுவையும் பார்க்க வேண்டும் என்று தொடர்ந்து எழுதியவர். நம்பிக்கை உடைந்து, அயலவர் அயலவரைச் சந்தேகிக்கும் ஊருக்கு மாத்திரை கொடுக்க முடியாது. ஆசிரியர்கள், கிராமப் பணியாளர்கள், சாமியார்கள், சடங்குகள் எல்லாமே சிகிச்சையின் பகுதி என்பது அவர் அனுபவம். இலங்கையில் சுனாமிக்குப் பிறகு காயத்ரி ஃபெர்னாண்டோ கண்டதும் இதன் பக்கத்தில் வருகிறது. என் மனம் சரியில்லை என்பதைவிட, குடும்பத்தில், ஊரில் என் இடம் போய்விட்டது என்றே மக்கள் துன்பத்தைச் சொன்னார்கள்.

ஊரில் என் இடம். பாடு பற்றிச் சொன்னதும் அதைத்தானே?

ஆனால் சுனாமி நிவாரணத்தில் வேறொன்றும் நடந்தது. ஊரை அறிந்தவர்கள் ஊர்ப் பஞ்சாயத்துதான், அவர்களிடம் பட்டியல் வாங்குவோம் என்று பல அமைப்புகள் முடிவெடுத்தன. கேட்பதற்கு நல்ல 'மக்கள் பங்கேற்பு'. சோழமண்டலக் கரையின் மீனவப் பஞ்சாயத்துகளை நீண்ட காலம் ஆராய்ந்த மார்டன் பாவிங் காட்டுவது போல, அவை உண்மையிலேயே வலுவான, வேலை செய்யும் அமைப்புகள். இரவோடு இரவாக உடல்களை அடக்கம் செய்ததும், சோறு பங்கிட்டதும் அவைதான். ஆனால் அவற்றின் கணக்கு அலகு ஊருக்கு வரி கட்டும் ஆண். கணவனை இழந்த பெண் பல இடங்களில் பாதி வரி அல்லது வரியே இல்லை. மீன்பிடிப்பைச் சார்ந்து வாழ்ந்த தலித்துகளும் இருளர்களும் பட்டியலுக்கே வெளியே. நிவாரணம் அந்தப் பட்டியல் வழியாகவே ஓடியது. 2005-இல் இதைப் பற்றிப் புகார்களும் உண்மையறியும் அறிக்கைகளும் வந்தன.

சமுதாய உளவியல் பாடப்புத்தகங்களில் 'சமுதாயம்' என்ற சொல் ரொம்ப இதமாக வரும். சீமோர் சாரசன் 1974-இல் சமுதாய உணர்வு என்பதையே துறையின் மையமாக வைத்தார். நாம் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர்கள், தேவைப்பட்டால் கை கொடுக்க ஆள் உண்டு என்ற உணர்வு. குப்பத்தில் அது சென்னை அடுக்குமாடியில் கிடைப்பதைவிடப் பத்து மடங்கு உண்டு. அந்த உணர்வு எங்கே முடிகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் சாதித் தெருவின் கடைசி வீட்டில் முடிகிறது. இந்த ஒரு விஷயத்தில் பாஸ்டன்காரர்களின் புத்தகம் நமக்குப் பற்றாது. இங்கே 'மக்கள் கையில் ஆய்வைக் கொடு' என்றால் எந்த மக்கள் என்று உடனே அடுத்த கேள்வி கேட்டாக வேண்டும்.

இது இன்று ஏன் அவசரம் என்றால், ஏரியின் தெற்கே நடப்பவை. வடசென்னை அனல்மின் நிலையம் 1990-களில் வந்தது, எண்ணூர் துறைமுகம் 2001-இல், கட்டுப்பள்ளித் துறைமுகம் 2013-இல். கட்டுப்பள்ளியை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்துக்கு மதிப்பீடு 53,000 கோடி ரூபாய்க்கு மேல். கடலைத் தூர்த்து உருவாக்கும் நிலமும் அதில் உண்டு. கரையும் நீரோட்டமும் மாறினால் பழவேற்காட்டின் முகத்துவாரம் என்ன ஆகும் என்பதுதான் மீனவர்களின் அச்சம். 2021 ஜனவரி 22-க்கு அறிவிக்கப்பட்ட பொதுமக்கள் கருத்துக்கேட்பு கொரோனாவால் நின்றது. 2023 செப்டம்பர் 5-க்கு மறுபடி அறிவித்து மறுபடி தள்ளிவைத்தார்கள்.

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கருத்துக்கேட்பில் ஊரார் பேசலாம். பேசுவதற்கு முன் எதிரே இருக்கும் அறிக்கை புரிய வேண்டும். அது ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கம். வட்டார மொழியில் சுருக்கம் மட்டும். மொழி சின்ன விஷயம் இல்லை. 2020-இல் அந்த அறிவிக்கைக்குப் பதிலாகப் புது வரைவு வந்தபோது, அதை அட்டவணை மொழிகள் 22-இலும் மொழிபெயர்க்கச் சொல்லி தில்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட வேண்டியிருந்தது.

புரிந்த பிறகும், 'இங்கே நாங்கள் தொழில் செய்கிறோம்' என்று வாயால் சொன்னால் அதிகாரிகளின் குறிப்பில் அது ஒரு வரி. வரைபடமாகக் கொண்டு வந்தால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். சென்னை ஊரூர் குப்பத்து மீனவர் கே. சரவணன் போன்றவர்கள் ஜிபிஎஸ் கருவியோடு கரையோரம் நடந்து, வலை காயும் இடம், படகு நிறுத்தும் இடம், ஏலம் போடும் இடம் எல்லாவற்றையும் வரைபடத்தில் ஏற்றக் கற்றுக்கொண்டதன் முக்கியத்துவம் இதுதான். அரசு வரைபடத்தில் வெற்று மணலாக இருக்கும் இடத்தில் ஒரு ஊரின் உழைப்பு தெரிகிறது. 2011-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் கீழ் வரைபடத்துக்குச் சட்ட எடை இருந்தது. ஆய்வின் கருவி கைமாறுவது என்றால் எனக்குத் தெரிந்து இதுதான் நம் கரையில் தெளிவான உதாரணம். இங்கே பேப்பர் எங்கே போனது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. பேப்பர் ஊரில் இருக்கிறது, நகல்தான் அலுவலகத்துக்குப் போகிறது.

ஏரிக்குள்ளும் இதே மாதிரி செய்யலாம் என்று தோன்றும். ஏரியின் ஒவ்வொரு துண்டுக்கும் அவர்களிடம் பெயர் உண்டு. ஆழத்தை வைத்து, அடியில் சேறா மணலா என்பதை வைத்து, எப்போதோ மூழ்கிய படகை வைத்து. எனக்குச் சிலர் சொன்னார்கள். அவற்றை இங்கே எழுதவில்லை, அவர்கள் எழுத வேண்டாம் என்றார்கள். எங்கே இறால் நிற்கிறது என்று இணையத்தில் போட்டால் அடுத்த வாரம் யார் வருவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். திறந்த தரவு, எல்லோருக்கும் எல்லாம் தெரியட்டும் என்று பேசும் என் தொழில்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நியாயமான கவலை.

அப்படி ஒரு ஏரி வரைபடம் போட்டால், யாரைப் படகில் ஏற்றிக்கொண்டு போவீர்கள் என்பது எல்லாவற்றையும் தீர்மானிக்கும். பாடு உள்ளவரோடு போனால் வலை நடும் கழிகள் புள்ளிகளாக வரும். கை போட்டுத் தடவி இறால் எடுக்கும் இருளர் பெண்ணுக்குக் கழி கிடையாது. வற்று நேரத்தில் அவர் நடக்கும் சேற்றுத் திட்டு, நீர் ஏறும்போது காணாமல் போய்விடும். நிலையான புள்ளி வைக்க முடியாத தொழில். ஓதம் ஏறி இறங்கும் கணக்கைச் சேர்த்து, மணிக்கு மணி மாறும் வரைபடமாக வரைய வேண்டும். செய்ய முடியாத காரியம் இல்லை, இதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அவர் படகுக்காரர்களோடு சேர்ந்து வரமாட்டார். தனியாக, அவர் போகும் நேரத்துக்கு, அவர் கூடவே சேற்றில் நடந்துதான் இதை எடுக்க முடியும். முதலில் அவர்கள் கேட்பது வேறாக இருக்கலாம். நான் பேசிய இடத்தில் சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். மரியன்தால் விதிப்படி அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். இரண்டு விண்ணப்பங்களின் எண்ணை வாங்கி வந்திருக்கிறேன். இ-சேவை தளத்தில் ஒன்று வட்டாட்சியர் அலுவலகத்தில் நிலுவை என்று காட்டுகிறது, இன்னொன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நெகொம்போ களப்பின் குலுக்கல் முறையைப் பற்றி எடுத்த குறிப்புகள் தனியாக இருக்கின்றன. அங்கே தேவாலயத்துக்கு ஒரு பங்கு உண்டு, கதை கொஞ்சம் வேறு மாதிரிப் போகிறது. அடுத்த பதிவில் எழுதுகிறேன்.